டெர்மினலோடு சில வருடங்கள்: தொடக்க மாணவருக்கு எது தங்கியது, எது தேவைப்படவில்லை

கட்டளைகளைத் தட்டி கணினியை இயக்கும் ஜன்னலான லினக்ஸ் டெர்மினலைப் பாடத்துக்காகத் தொட்டேன். பிறகு அன்றாட வேலைக்கே அதை வைத்துக்கொண்டு சில வருடங்கள் ஆகிவிட்டன. முதல் வாரத்தில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால், எத்தனை கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசியிருப்பேன். இப்போது கேட்டால் பதில் வேறு. நான் தினமும் தட்டுகிற கட்டளைகள் ஒரு சிறு தாளில் அடங்கிவிடும். இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறோம், கணினி என்ன பதில் சொன்னது என்ற இரண்டையும் கவனிக்கிற பழக்கம் வந்துவிட்டால், மற்ற கட்டளைகள் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக வந்து சேரும். புதிதாகத் தொடங்குகிற மாணவர்களுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். (கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டுவது ஆங்கில எழுத்தில்.) பிடபிள்யூடி என்று தட்டினால் நிற்கிற இடம் தெரியும், எல்எஸ் தட்டினால் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும், சிடி தட்டினால் வேறு இடத்துக்குப் போகலாம். இந்த மூன்றையும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் புதியவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. கோப்பு ஒரு ஃபோல்டரில் இருக்கும், அவர் வேறொன்றில் நின்றுகொண்டு அதைக் கூப்பிடுவார். சாய்கோட்டில் தொடங்கும் பாதை எங்கே நின்றாலும் ஒரே இடத்தைக் காட்டும். சாய்கோடு இல்லாமல் தொடங்கினால், நிற்கிற இடத்திலிருந்து கணக்கு. ஒற்றைப் புள்ளி இந்த ஃபோல்டர், இரட்டைப் புள்ளி இதற்கு மேலே உள்ள ஃபோல்டர். இதை மட்டும் சில நாட்கள் நிதானமாகப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் ஃபோல்டர் மரம் மனதில் தெரிகிற அளவுக்கு வரட்டும். அப்புறம் எதுவும் கடினமாக இருக்காது.

அடுத்தது, கணினி சொல்வதை வாசிப்பது. சிவப்பாகவோ ஆங்கிலத்திலோ ஒரு வரி வந்தவுடன் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி அதையே தட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரியில்தான் பதில் இருக்கிறது. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் கட்டளையின் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது அந்த நிரல் நிறுவப்படவில்லை, அல்லது அது இருக்கும் ஃபோல்டர், நிரல்களை எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் பட்டியலில் இல்லை. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் கட்டளை சரி, நாம் கொடுத்த கோப்புப் பெயரோ பாதையோதான் தவறு. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸில் வேறு வேறு என்பதை இங்கேதான் நினைவில் வைக்க வேண்டும். 'பெர்மிஷன் டினைடு' என்றால் கோப்பு இருக்கிறது, நமக்கு உரிமை இல்லை. மூன்றும் மூன்று வேறு நோய், மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றாவதைப் பார்த்தவுடன், கட்டளையை நிர்வாகியின் உரிமையோடு ஓட்டும் சுடோவை முன்னால் சேர்த்துவிடுவது பலருக்கு வழக்கமாகிவிடுகிறது. அதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். உரிமை ஏன் இல்லை என்று முதலில் பாருங்கள்.

பார்ப்பதும் எளிது. எல்எஸ் -எல் தட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் பத்து குறிகள் வரும். முதல் குறி அது கோப்பா ஃபோல்டரா என்று சொல்லும். மீதி ஒன்பதும் மூன்று மூன்றாகப் பிரியும்: உரிமையாளர், குழு, மற்ற எல்லோரும். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. 644 என்றால் உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் வாசிக்க மட்டும். 755 என்றால் எல்லோரும் இயக்கலாம், எழுதுவது உரிமையாளர் மட்டுமே. ஃபோல்டர் விஷயத்தில் அந்த 1-க்குப் பொருள் மாறும்: அதற்குள் நுழைந்து போகும் உரிமை. உள்ளே இருக்கும் கோப்புக்கு வாசிக்கும் உரிமை இருந்தும் திறக்க மறுக்கிறதென்றால், மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் அந்த உரிமை இல்லாமல் இருக்கலாம். இது புரிந்த பிறகு பாதிச் சந்தேகங்கள் எனக்குத் தீர்ந்தன.

ஒன்றுமே சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான். கோப்பை நகலெடுத்தால், பெயர் மாற்றினால், கட்டளை சத்தமில்லாமல் முடிந்து அடுத்த வரிக்கு வந்துவிடும். 'ஒண்ணுமே நடக்கலையே' என்று புதியவர்கள் தவிப்பார்கள். அமைதி என்றால் பெரும்பாலும் வேலை முடிந்தது என்று அர்த்தம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், தட்டுவதும் பதிலும் காகிதத்தில் அச்சாகும் டெலிடைப் எந்திரங்கள்தான் புழக்கத்தில் இருந்தன. மாடல் 33 டெலிடைப் வினாடிக்கு 10 எழுத்துகள்தான் அடிக்கும். அந்த வேகத்தில் கட்டளைப் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்தாகச் சுருங்கியதும், தேவையில்லாமல் எதுவும் அச்சாகாமல் இருந்ததும் இயல்பு. எந்திரம் போய்விட்டது, பழக்கம் இன்றுவரை நிற்கிறது.

சின்ன விசைகள் சிலவற்றை யாரும் பாடமாக எடுப்பதில்லை. ஆனால் அன்றாடச் சுகமே அவற்றில்தான் இருக்கிறது. டேப் விசை கோப்புப் பெயரைத் தானே முடித்துத் தரும். முடிக்கவில்லை என்றால் அப்படி ஒரு கோப்பு அங்கே இல்லை, அல்லது ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஆக அது எழுத்துப்பிழையைப் பிடித்துக் கொடுக்கும் காவலும்கூட. கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் முன்பு தட்டிய கட்டளைகளுக்குள் தேடலாம். கண்ட்ரோல்-சி ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தும். அதனால் பல டெர்மினல்களில் நகலெடுக்க ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். கடவுச்சொல் தட்டும்போது பெரும்பாலும் திரையில் புள்ளிகூட வராது, தட்டிக்கொண்டே போகலாம். கை தவறி கண்ட்ரோல்-எஸ் பட்டால் டெர்மினல் உறைந்தது போல நின்றுவிடும். கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் ஜன்னலையே மூடிவிட்டுத் திரும்பத் தொடங்குகிறவர்கள் ஏராளம்.

மேன் என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் வரும் கையேடுதான் மேன் பக்கம். அவற்றைப் பற்றி என் கருத்து காலப்போக்கில் மாறியது. தொடக்கத்தில் அவை வாசிக்க முடியாத சட்டப் புத்தகம் போலத் தெரிந்தன. யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பரில் வந்தது. அந்த வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், விருப்பங்கள் என்று வரிசையாகப் போகும். முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. சாய்கோட்டை அழுத்தி வேண்டிய சொல்லைத் தேடுங்கள், க்யூ அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பமானது, மூன்று புள்ளி வந்தால் ஒன்றுக்கு மேல் கொடுக்கலாம். இவ்வளவு தெரிந்தால் போதும், இணையத்தில் தேடுவதைவிட அதுவே வேகம். நம் கணினியில் உள்ள பதிப்புக்கான விளக்கம் அங்கேதான் கிடைக்கும் என்பதும் பெரிய காரணம். சிடி போன்ற சில கட்டளைகள், நாம் தட்டுவதை வாங்கி நிறைவேற்றும் நிரலான ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. தனி நிரலாக ஓடினால் அது தன் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு முடிந்துவிடும், நம் ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால்தான் சிடி வெளியே இல்லை. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் பேஷ் ஷெல்லில் அவற்றுக்கு, மேனுக்குப் பதில், ஹெல்ப் சிடி என்று கேட்க வேண்டும்.

இனி பைப், அதாவது | குறி. இதைத் தொடும் வரை டெர்மினல் எனக்கு மவுஸுக்கு மாற்று, அவ்வளவுதான். தொட்ட பிறகு அது வேறு கருவியாகிவிட்டது. ஒரு கட்டளையின் வெளியீட்டை நேராக அடுத்ததன் உள்ளீடாக அனுப்பும் இந்த யோசனையை பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் வலியுறுத்தினார், 1973-ல் அது யூனிக்ஸுக்குள் வந்தது. ஓர் உதாரணத்தை அப்படியே பார்ப்போம். வலைச் சேவையகத்தின் பதிவுக் கோப்பு ஒன்று இருக்கிறது, லட்சக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு ஐபி முகவரியில் தொடங்குகிறது. எந்த முகவரியிலிருந்து அதிகம் வந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

கட் -டி ' ' -எஃப்1 ஆக்சஸ்.லாக் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட்

இடமிருந்து வலமாக வாசியுங்கள். கட் ஒவ்வொரு வரியையும் இடைவெளியில் வெட்டி முதல் துண்டை மட்டும் எடுக்கிறது. சார்ட் ஒரே முகவரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவருகிறது. யூனிக் -சி அவற்றை எண்ணி ஒரே வரியாக்குகிறது. அடுத்த சார்ட் எண்ணிக்கையை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறது. ஹெட் மேலே உள்ள பத்து வரிகளைக் காட்டுகிறது. நடுவில் இருக்கும் முதல் சார்ட் ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். யூனிக் அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை மட்டுமே சேர்க்கும். அதே வரி தள்ளி எங்கோ இருந்தால் கண்டுகொள்ளாது. சந்தேகம் இருந்தால் கடைசியிலிருந்து ஒவ்வொரு பைப்பாக நீக்கி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வெளிவருகிறது என்று கண் முன்னால் தெரியும். புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஐந்து சின்னக் கருவிகள், எதற்கும் ஐபி முகவரி என்றால் என்னவென்றே தெரியாது. இருந்தும் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. இன்றும் இதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடங்களையும் சொல்ல வேண்டும். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். நட்சத்திரக் குறியை விரித்துக் கோப்புப் பட்டியலாக்குவது ஷெல்லின் வேலை, கட்டளை ஓடுவதற்கு முன்பே அது நடந்துவிடும். ஆகவே அழிக்கும் முன் ஆர்எம் இருக்கும் இடத்தில், கொடுத்ததை அப்படியே திரையில் காட்டும் எக்கோவை மாற்றி ஒருமுறை ஓட்டினால், எந்தெந்தக் கோப்புகள் போகப் போகின்றன என்று பெயர்ப்பட்டியல் கிடைக்கும். இடைவெளி உள்ள கோப்புப் பெயரை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் ஷெல் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். அதேபோல > குறி, இருக்கும் கோப்பைக் கேட்காமல் காலியாக்கிவிட்டுத்தான் கட்டளையைத் தொடங்கும். ஒரே கோப்பை வாசித்து, வரிசைப்படுத்தி, அதே பெயருக்கு > போட்டால் மிஞ்சுவது வெற்றுக் கோப்பு. கடைசியில் சேர்க்க மட்டும் வேண்டுமென்றால் >> போடுங்கள். இணையத்தில் கண்ட கட்டளையை, அதுவும் சுடோ உள்ளதை, ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒட்டாதீர்கள்.

தமிழோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. டபிள்யூசி என்பது எண்ணும் கட்டளை: -சி பைட்டுகளை, -எம் குறியீடுகளை எண்ணும். எக்கோ தமிழ் | டபிள்யூசி -சி என்று தட்டிப் பாருங்கள், 16 என்று வரும். -சி-க்குப் பதில் -எம் கொடுத்தால் 6. நம் கண்ணுக்குத் தெரிவதோ மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. மீதி ஒன்று வரி முடிவு. எழுத்தும் பைட்டும் வேறு வேறு என்பதை இந்த ஒரு வரியில் மாணவருக்குக் காட்டிவிடலாம். குறை என்னவென்றால், பல டெர்மினல்கள் சம அகலக் கட்டங்களில் எழுத்தை அடுக்குவதால் தமிழ் உடைந்தோ ஒன்றின் மேல் ஒன்று ஏறியோ தெரியும். கோப்பில் உள்ள எழுத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, காட்சி மட்டும்தான் சரியில்லை. இத்தனை வருடம் கழித்தும் இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

வேறு குறைகளும் உண்டு. மெனு இல்லாததால், இப்படி ஒரு வசதி இருக்கிறது என்பதே பல நாள் தெரியாமல் போகும். சில வாரம் தொடாவிட்டால் விருப்பக் குறிகள் மறந்துவிடும். அதற்காக, பயன்படுத்திய கட்டளையையும் அதை ஏன் பயன்படுத்தினேன் என்ற ஒரு வரியையும் சாதாரண உரைக் கோப்பில் சேர்த்துவருகிறேன். படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, பக்கம் வடிவமைப்பது போன்றவற்றுக்கு டெர்மினலை நான் திறப்பதே இல்லை. மேக் கணினியிலும் இதே பெயரில் கட்டளைகள் உண்டு, ஆனால் அவை யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டி வழி வந்தவை. உரையைத் திருத்தும் செட் கட்டளையை லினக்ஸில் -ஐ விருப்பத்தோடு ஓட்டுவது போல அங்கே அப்படியே ஓட்ட முடியாது. 2019-ல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து அங்கே இயல்பான ஷெல்லும் பேஷ் அல்ல, இசட்ஷெல். விண்டோஸில் இருப்பவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் நிறுவிக்கொண்டால் இங்கே சொன்ன எல்லாவற்றையும் பழகலாம், தனிக் கணினி தேவையில்லை.

நெடுநாள் பலன், வேறொரு கணினிக்குள் டெர்மினல் வழியே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கற்றபோது வந்தது. திரையே இல்லாத தொலைதூரக் கணினியில் நுழைந்தாலும் அதே எல்எஸ், கோப்புக்குள் சொல்லைத் தேடும் அதே கிரெப், அதே பைப். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸில் ஓடுகின்றன. வகுப்பில் பழகிய அதே கட்டளைகளோடு அந்தக் கணினிகளிலும் வேலையைத் தொடங்கலாம். கூடவே டீமக்ஸ் பழகிக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தாலும் அங்கே ஓடுவது நிற்காது, திரும்ப வந்து விட்ட இடத்தைப் பிடிக்கலாம்.

கற்கும் வரிசை என்று கேட்டால்: இடம் அறிதல், நகலெடுத்தல், லெஸ் கொண்டு வாசித்தல், உரிமைகள், பைப், பிறகு ஒரே வேலையை மூன்றாவது முறை தட்டும்போது அதை ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதிவைத்தல். எடிட்டருக்குத் தொடக்கத்தில் நேனோ போதும். விம் எடிட்டரில் மாட்டிக்கொண்டால் எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி தட்டி என்டர் அழுத்தினால் சேமிக்காமல் வெளியே வரலாம். அதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிப்போடுங்கள். ஆக் ஒரு தனி மொழி. அதில் குறிப்பிட்ட நெடுவரிசையை எடுத்து அச்சிடுவதைத் தாண்டி எனக்கு இதுவரை பெரிதாகத் தேவைப்படவில்லை. தேவைப்படும்போது மேன் பக்கம் இருக்கிறது.