ஐந்து பேர், ஒரு கார், ஊட்டி: எந்த மேப் ஆப் எதற்கு உதவும்?

சென்னையிலிருந்து ஊட்டிக்கு எந்த மேப் ஆப்பில் போட்டுப் பார்த்தாலும் பத்து மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். எங்கள் வீட்டுக் கணக்கில் அது பதின்மூன்று மணி நேரம். அம்மாவுக்குச் சர்க்கரை. எட்டரைக்குள் டிபன், ஒன்றரைக்குள் சாப்பாடு, அந்த இரண்டு வேளைக்கும் முன்னால் மாத்திரை. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கழிப்பறை வேண்டும். சின்னவனுக்கு மலை ஏறினால் வாந்தி வரும். அந்த மூன்று மணி நேர வித்தியாசத்தை யார் சரியாகக் கையாள விடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஆப்களை எடைபோடுகிறேன். இரண்டு கோடை விடுமுறைகளில், திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் என்று ஒரே பாதையில், என் போனிலும் மனைவியின் போனிலும் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

கூகுள் மேப்ஸில் தொடங்கலாம், எல்லோர் போனிலும் அதுதான் இருக்கிறது. போக்குவரத்து நிலவரத்தில் அதை மிஞ்ச இங்கே ஆள் இல்லை. புறப்படும் இடம் போக ஒன்பது இடங்கள் வரை ஒரே பாதையில் சேர்க்கலாம். 2022 முதல் சுங்கக் கட்டணத்தையும் உத்தேசமாகக் காட்டுகிறது. தமிழில் வழி சொல்ல வைக்கலாம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு எங்கே போகிறோம், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது அதில்தான் புரிந்தது. அதன் பிறகு "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று அவர் கேட்பது பாதியாகக் குறைந்துவிட்டது.

குடும்பப் பயணத்துக்கு அதில் இருக்கும் பெரிய குறை வேறு. உளுந்தூர்பேட்டையில் நாற்பது நிமிடம் நிற்பேன், சேலத்தில் ஒரு மணி நேரம் சாப்பிடுவேன் என்று அதனிடம் சொல்ல வழியில்லை. நிறுத்தங்களை வரிசையாகச் சேர்த்தாலும் ஓடும் நேரத்தை மட்டும் கூட்டிச் சொல்லும். மாலை நான்கு மணிக்கு மேட்டுப்பாளையம் என்று நம்பிக் கிளம்பினால், இருட்டில் மலை ஏற வேண்டியதாகிவிடும். இதற்கு நான் செய்வது: பயணத்துக்கென்று ஒரு பட்டியல் உருவாக்கி, அதை மனைவிக்கும் மகளுக்கும் பகிர்ந்துவிடுவேன். ஆளுக்கு ஆள் இடங்களைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு இடத்தின் கீழும் குறிப்பு எழுதலாம், அதில் "டிபன், 40 நிமிடம்" என்று போட்டுவிடுவோம். கூட்டல் கணக்கு நம் கையில்தான், இருந்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

அந்தக் குறிப்பு வேலைக்கென்றே இருப்பது வாண்டர்லாக். நாள்வாரியாக இடங்களை அடுக்கலாம், இழுத்து மாற்றலாம், எத்தனை மணிக்கு எங்கே என்று எழுதலாம், செலவைப் பங்கு பிரிக்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகிறீர்கள் என்றால் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். யார் டீசலுக்குக் கொடுத்தார்கள், யார் ரூமுக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சே எழாது. ஆனால் வழி காட்டும் வேலையை அது கூகுள் மேப்ஸிடம் கொடுத்துவிடும். நெட் இல்லாமல் திட்டத்தைப் பார்க்கவும் பணம் கட்டிய கணக்கு வேண்டும். ஒரு குடும்பம், மூன்று நாள் என்றால் இது தேவையில்லை.

மேப்பிள்ஸ், அதாவது மேப் மை இந்தியா, 1995 முதல் இந்தியச் சாலைகளையே வேலையாக வைத்திருக்கும் நிறுவனத்தினுடையது. வண்டி ஓட்டுபவராக எனக்கு நெடுஞ்சாலையில் பிடித்தது இதுதான். முன்னால் வேகத்தடை, முன்னால் கூர்மையான வளைவு என்று எச்சரிக்கும். மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, பக்கத்துச் சாலையில் இறங்க வேண்டுமா என்பதைச் சந்திப்பின் படமாகவே வரைந்து காட்டும். சேலத்தில் சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி என்று அடுத்தடுத்து வரும் சந்திப்புகளில் முதல் வருடம் நான் தடுமாறினேன், இரண்டாவது வருடம் இந்தப் படம் பார்த்துத் தடுமாறாமல் கோவை சாலையைப் பிடித்தேன். பின்னால் குழந்தைகள் தூங்கும்போது தெரியாத வேகத்தடையில் தூக்கிப் போடாமல் இருப்பதும் பெரிய நிம்மதி. ஆனால் சாப்பாட்டுக் கடை, கழிப்பறை எப்படி இருக்கும் என்று மற்றவர்கள் எழுதிய கருத்துகள் இதில் குறைவு. அந்தத் தேடலுக்கு மறுபடி கூகுளுக்குத்தான் வந்தேன்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். எந்த ஆப் என்று பெயர் வேண்டாம். அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போகும்போது, "நான்கு நிமிடம் மிச்சம்" என்று ஒரு கிளைச் சாலையைக் காட்டியது. திரும்பினேன். வாழைத்தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே ஒரு வண்டி மட்டும் போகும் தார்ச்சாலை. எதிரே தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர். ஒதுங்க இடமில்லை. இருநூறு மீட்டர் பின்னாலேயே எடுத்தேன், மனைவி இறங்கி நடந்துகொண்டே கை காட்டினாள், அம்மா கண்ணை மூடி முருகா முருகா என்றார். இருபத்தைந்து நிமிடம் போனது. அன்றிலிருந்து குடும்பத்தோடு போகும்போது மெயின் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. வேகமான பாதை என்று திரையில் எது வந்தாலும், பத்து நிமிடத்துக்குக் குறைவான மிச்சம் என்றால் வேண்டாம் என்று தட்டிவிடுகிறேன்.

மலைக்கு வருவோம். பர்லியாறு தாண்டினால் சிக்னல் வந்து வந்து போகும். கூகுளிலும் முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைக்கலாம், நெட் இல்லாமல் கார் வழி காட்டும். நெரிசல் நிலவரமும் மாற்றுப் பாதையும்தான் கிடைக்காது. ஆர்கானிக் மேப்ஸ் முழுக்க முழுக்க இதற்காகவே இருப்பது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தகவலை வைத்து 2021-இல் வந்தது, விளம்பரம் கிடையாது, இலவசம். தமிழ்நாட்டை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். கழிப்பறை என்ற வகையையே தனியாகத் தேடலாம், ஆனால் தன்னார்வலர்கள் குறித்து வைத்த இடம் மட்டுமே வரும். நெரிசலைப் பற்றி எதுவுமே தெரியாததால் அது சொல்லும் நேரத்தை நம்ப முடியாது. மலைப்பாதையில் எனக்கு அது தேவைப்படவும் இல்லை. சாலை பாம்பாக வளைந்து கிடப்பது திரையில் தெளிவாகத் தெரியும். எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த சின்னவனிடம் மனைவி அதைக் காட்டி, "இதோ பாரு கண்ணா, இன்னும் மூணு வளைவுதான், அப்புறம் நேர் ரோடு" என்று எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வளைவு முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டினோம். அந்த வருடம் அவன் வாந்தி எடுக்கவில்லை.

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. அதில் நான் பயன்படுத்திய எந்த ஆப்பையும் நம்பி உட்கார முடியவில்லை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் பார்க்கிறார்கள். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போலீஸ் ஒருவழிப் பாதையாக்குவதுண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடி போக, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதைதான் மேப்பில் குறுக்குவழி, ஆனால் வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். மசினகுடி தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்களுக்கு இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை காட்டுச் சாலை மூடியிருக்கும். இவற்றையெல்லாம் கிளம்பும் முன்னால் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பிலும், தங்கப் போகும் விடுதிக்கு ஒரு போன் போட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா ஆப்பையும் போனில் வைத்திருக்கிறேன், வழி பார்க்க அல்ல. 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருட பாஸை அதில்தான் வாங்கினேன். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் கூப்பிட 1033 என்ற உதவி எண்ணையும் மனதில் வையுங்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான்: திட்டம் கூகுள் பட்டியலில், நெடுஞ்சாலையில் என் போனில் மேப்பிள்ஸ், மலையில் மனைவியின் போனில் ஆர்கானிக் மேப்ஸ். ஒரே ஒரு ஆப்தான் வைத்துக்கொள்வேன் என்பவர்களுக்கு, இறக்கி வைத்த வரைபடத்தோடு கூகுள் மேப்ஸ் போதும்.

அடுத்து ராமேஸ்வரம். பட்டியலில் முதல் இடம் அம்மா சொல்லிச் சேர்த்தது, திருமயம் கோட்டை. அதன் கீழே மகள் குறிப்பு எழுதியிருக்கிறாள்: "படி ஏறணும், ஆச்சி மெதுவாத்தான் வருவாங்க. ஒன்றரை மணி நேரம்."