ஹிஞ்ச் செயலி: பதில் எழுதத் தெரிந்தவருக்குப் பலன் உண்டு

டேட்டிங் செயலி ஒன்றில் சேர்ந்து, "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்ற வெற்றுப் பெட்டியைக் கண்டதும், "பயணம், இசை, நல்ல உணவு பிடிக்கும்" என்று எழுதிவிட்டு நகர்பவர்களே அதிகம். டிண்டர் தரும் 500 எழுத்துகளும் பம்பிள் தரும் 300 எழுத்துகளும் பெரும்பாலும் இப்படித்தான் வீணாகின்றன. ஹிஞ்ச் அந்தப் பெட்டியை வைக்காமல், தன் பட்டியலிலிருந்து 3 கேள்விகளைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகளுக்குள் பதில் தரச் சொல்கிறது. இந்தக் கட்டுப்பாடு எழுதுபவருக்கு நன்மையே செய்கிறது.

இங்கு லைக் என்பது முழுப் புரொஃபைலுக்கும் பொதுவாக விழுவதில்லை. ஏதேனும் ஒரு படத்துக்கோ ஒரு பதிலுக்கோ, வேண்டுமானால் இரண்டு வரிக் குறிப்புடன், அனுப்பப்படுகிறது. ஆகவே, படிப்பவர் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்க ஏதாவது இருக்கும் பதிலே இங்கு எடுபடும். "செஸ் பிடிக்கும்" என்பதற்கு யாரும் என்ன சொல்லிவிட முடியும்? "செஸ்ஸில் தோற்றால், எந்த நகர்த்தலில் கோட்டைவிட்டேன் என்று கண்டுபிடிக்கும்வரை தூங்கமாட்டேன்" என்று எழுதினால், கேலி செய்யவாவது ஒருவர் வருவார். "பொய் பேசுபவர்கள் வேண்டாம்" என்பன போன்ற நிபந்தனைகளை எழுதுவோர், தங்களைப் பற்றி எதையும் சொல்லாமலே தங்கள் பழைய மனக்கசப்பை மட்டும் காட்டிக்கொள்கிறார்கள்.

படங்களில்தான் செயலி சற்று அதிகம் கேட்கிறது. படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இல்லாதவருக்குப் பல படங்கள் சேர்ப்பது என்பது சுமைதான். எண்ணிக்கையை நிரப்ப அவர் நண்பர் கூட்டத்தோடு நிற்கும் படத்தைச் சேர்க்க, பார்ப்பவர் இவர்களில் யார் என்று தேட வேண்டியதாகிறது. முதல் படத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும். மீதியில் ஒன்றாவது, நீங்கள் விரும்பிச் செய்யும் ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது பிறர் எடுத்ததாக இருக்கட்டும். ஒரே கோணத்தில் எடுத்த நான்கு செல்ஃபிகள் ஒரு படத்துக்குச் சமம்.

30 வினாடிக் குரல் பதிவும் சேர்க்கலாம்; எழுத்தில் கூச்சப்படுபவர்கள் இதைக் கட்டாயம் முயன்று பார்க்கலாம். கட்டணத் திட்டத்துக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். இலவசப் பயன்பாட்டில் நாளுக்கு 8 லைக்குகளே அனுப்ப முடியும் என்றாலும், பதில்களைத் திருத்தாமல் பணம் கட்டினால், அதே சலிப்பூட்டும் புரொஃபைல் இன்னும் பலர் கண்ணில் படும், அவ்வளவுதான்.