போர்ட்மகீயில் ஒரே நாள்: ஸ்கெலிக்கா, வாலென்ஷியாவா?

அயர்லாந்தின் தென்மேற்கே, கெர்ரி மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது போர்ட்மகீ. ஒரு வரிசை வண்ண வீடுகள், எதிரே படகுத்துறை, பக்கத்தில் வாலென்ஷியா தீவுக்குப் போகும் பாலம், அவ்வளவுதான் ஊர். ஆனால் ஒரே நாள் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு, படகு ஏறுவதா பாலம் தாண்டுவதா என்று முடிவுசெய்வது சுலபமில்லை.

பெரும்பாலோர் வருவது ஸ்கெலிக் மைக்கேலுக்காக. கரையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளி, கடலிலிருந்து 218 மீட்டர் உயரத்துக்குக் கூராக எழும் பாறை அது. அதன் மேல் கிறிஸ்தவத் துறவிகள் சுண்ணாம்பும் மண்சாந்தும் இல்லாமல், வெறும் கல்லை அடுக்கியே தேன்கூடு வடிவக் குடில்கள் கட்டினார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் அட்லாண்டிக் காற்றுக்கு அவை அசையவில்லை. 1996-ல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக்கியது. குடில்களை அடைய 600-க்கும் மேற்பட்ட கற்படிகள் ஏற வேண்டும். கைப்பிடி கிடையாது, கழிப்பறை கிடையாது, மழைக்கு ஒதுங்க இடமும் கிடையாது. இங்கே விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. உயரம் பார்த்தால் தலைசுற்றும் என்றால் ஏறாதீர்கள்.

இன்னொரு சிக்கல், எந்த நாள் போகலாம் என்பதை முடிவுசெய்வது கடல்தான். தீவில் இறங்கும் படகுகள் ஏறக்குறைய மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான். இடங்கள் மிகக் குறைவு, பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பதிவு செய்திருந்தாலும் அலை பெரிதாக இருந்தால் அன்று காலையில் பயணம் ரத்தாகலாம். தீவில் இறங்காமல் சுற்றி மட்டும் வரும் படகு கிடைத்தால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம். பக்கத்திலுள்ள சிறிய ஸ்கெலிக்கில் பல்லாயிரம் கேனட் பறவைகள் அடைந்து, பாறையே வெள்ளையாகத் தெரியும். பஃபின் பறவை பார்க்க ஆசையென்றால் ஆகஸ்டுக்கு முன் போய்விடுங்கள்.

வாலென்ஷியாவுக்குப் படகே வேண்டாம். 1858-ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியின் ஐரோப்பிய முனை இங்கேதான் இருந்தது. விக்டோரியா அரசி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொல் செய்தி போய்ச்சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. சில வாரங்களில் கம்பியே செத்துப்போனது. நிலைத்து நின்றது 1866-ல் போட்ட கம்பி. அப்புறம், தீவின் வடகரைப் பாறையில் ஒரு நாற்கால் விலங்கின் தடம் வரிசையாகப் பதிந்திருக்கிறது. வயது சுமார் 38 கோடி ஆண்டுகள், டைனோசர்களுக்கும் மிக முந்தியது. முதலில் பார்த்தால் வெறும் சிறு குழிகள் போலத்தான் இருக்கும். எதைப் பார்க்கிறோம் என்று உறைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சாயங்காலம் பிரே முனை வரை நடந்தால், பழைய காவல் கோபுரத்தடியில் நின்று ஸ்கெலிக் பாறைகளையும் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, ஊருக்கு அருகிலேயே உள்ள கெர்ரி பாறைமுகடுகள். 300 மீட்டர் செங்குத்துச் சரிவு, கட்டணம் உண்டு, ஒரு மணி நேரம் போதும்.

என் தேர்வைச் சொல்கிறேன். இறங்கும் படகில் இடம் கிடைத்து, கால்களில் தெம்பும் இருந்தால் ஸ்கெலிக்தான். அதற்கு ஈடாக மற்ற இரண்டையும் வைக்க எனக்கு மனம் வராது. ஆனால் ஒரே நாள்தான் என்றால் திட்டத்தை வாலென்ஷியாவை வைத்தே போடுங்கள். இரண்டு மூன்று நாள் தங்க முடிந்தால் படகை முதல் நாளுக்குப் பதிவு செய்யுங்கள். கடல் விடவில்லையென்றால் மறுநாள் காலை துறையில் போய், காலியிடம் உண்டா என்று கேட்கலாம்.