ஆடையா, தயிரா, க்ரீமா: வட சென்னை வீட்டில் வெண்ணெய் எடுக்க எது தோது?

வண்ணாரப்பேட்டை, பெரம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன சமையலறையில் வெண்ணெய் எடுக்க மூன்று வழி உண்டு. தினம் காய்ச்சும் பாலின் ஆடையைச் சேர்த்து வைத்துக் கடையலாம். முழுப் பாலையும் தயிராக்கிக் கடையலாம். கடையில் க்ரீம் வாங்கி அடிக்கலாம். மத்தா மிக்ஸியா என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பால், எவ்வளவு குளிர்ச்சி, இந்த இரண்டும்தான் முக்கியம்.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆக, அரை லிட்டர் ஆரஞ்சுப் பாலின் கொழுப்பு முழுவதையும் எடுத்தாலும் 40 கிராம் வெண்ணெய் தேறாது. நீலத்தில் அதில் பாதி. ஆடையில் எல்லாக் கொழுப்பும் ஏறிவிடுவதும் இல்லை. பாக்கெட்டில் ‘ஹோமோஜினைஸ்டு’ என்று போட்டிருந்தால் கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்துப் பாலோடு கலந்துவிட்டார்கள் என்று பொருள். அதில் ஆடை மெல்லிசாகத்தான் படியும். தெருவில் மாடு வைத்துக் கறந்து ஊற்றுபவர் கிடைத்தால் விடாதீர்கள். அதிலும் எருமைப் பாலில்தான் ஆடை கெட்டியாக நிற்கும். எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் பசு வெண்ணெய் லேசான மஞ்சளாகவும் வரும். மஞ்சளைப் பார்த்துக் கலப்படம் என்று பயப்பட வேண்டாம்.

ஆடை வழியின் பெரிய லாபம், பால் வீணாகாது. காபிக்கும் குழந்தைக்கும் போக, மேலே படிந்தது மட்டும் டப்பாவுக்குப் போகிறது. ஆனால் அந்த டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நாள்கணக்கில் வைத்தால் கசப்பு ஏறிவிடும். ஃப்ரீசரில் வையுங்கள். போதுமான அளவு சேர்ந்ததும் வெளியே எடுத்து உருகவிட்டு, ஒரு ஸ்பூன் தயிர் விட்டு உறைய வைத்து, உறைந்ததும் மறுபடி ஃபிரிட்ஜில் குளிரவிட்டுக் கடைய வேண்டும். உறை ஊற்றும் வேலையைச் சிலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். புளிப்பேறிய ஆடையில் வெண்ணெய் சீக்கிரம் திரளும், நெய் காய்ச்சும்போது வாசனையும் தூக்கலாக இருக்கும். அந்த வாசனைக்காகத்தானே இத்தனை பாடு?

தயிர் வழி பழையது, நிதானமானது. இரண்டு லிட்டர் ஆரஞ்சுப் பாலைத் தயிராக்கிக் கடைந்தால், ஏட்டுக் கணக்கில் 150 கிராம் வெண்ணெய். கையில் வருவது அதைவிடக் குறைவு. மீதி முழுவதும் மோர். இந்த மோரை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதில்தான் இந்த வழியின் வெற்றி தோல்வி இருக்கிறது. ஆறு பேர் உள்ள கூட்டுக் குடும்பம், மதியம் மோர்ச்சோறு, சாயங்காலம் மோர்க்குழம்பு என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் அது சாக்கடைக்குப் போகும். அப்படிச் செய்வதற்குப் பேசாமல் இருக்கலாம்.

க்ரீம் வழியில் பொறுமை வேண்டாம், காசு வேண்டும். அட்டைப்பெட்டியில் வரும் சமையல் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் கொழுப்பு. அதுவும் சூடாக்கிப் பதப்படுத்தி, பிரியாமல் இருக்கச் சேர்மானம் கலந்தது. எவ்வளவு அடித்தாலும் சிலசமயம் திரளவே திரளாது. 200 மில்லியிலிருந்து அதிகபட்சம் 60 கிராம் சொச்சம் வெண்ணெய் என்று கணக்குப் போட்டால், அந்தக் காசுக்கு வெண்ணெயையே வாங்கிவிடலாம். கேக் சாமான் கடையில் விற்கும் விப்பிங் க்ரீம் வாங்குவதானால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். தாவர எண்ணெயில் செய்தது என்றால் பொங்கிப் பொங்கி நிற்குமே தவிர, அதில் பால் வெண்ணெய் எங்கிருந்து வரும்? உண்மையான பால் க்ரீமில் வருவது புளிப்பில்லாத, சாதுவான வெண்ணெய். ரொட்டிக்கு நன்றாக இருக்கும். நெய்க்கு ஆடை வெண்ணெயின் பக்கத்தில்கூட நிற்காது.

எந்த வழியானாலும் நம்ம ஊர் வெயில்தான் எதிரி. கொழுப்பு திரள 10 முதல் 15 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நம் அடுப்படி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொதிக்கும். அந்த நாட்களில் விடிகாலையில் கடையுங்கள். மிக்ஸியின் பிளேடு சூடேறிக் காரியத்தைக் கெடுக்கும் என்பதால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டுங்கள். ரவை ரவையாக மிதக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். மத்தில் இந்தச் சூட்டுத் தொல்லை இல்லை, கை வலிக்கும், அவ்வளவுதான். கொஞ்சம்தான் ஆடை இருக்கிறதென்றால் வாயகன்ற பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்கினாலே போதும்.

திரண்டதைக் குளிர்ந்த தண்ணீரில், கலங்கல் தெளியும்வரை அலச வேண்டும். மோர் தங்கினால் இரண்டே நாளில் நாற்றம் வரும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகள் உண்டு. அங்கே கேன் தண்ணீரில் அலசுங்கள்.

என்னைக் கேட்டால், நெய்க்கு ஆடை, பெரிய குடும்பத்துக்குத் தயிர், ரொட்டிக்கு மட்டும் க்ரீம். தீபாவளி முறுக்கு மாவில் போடத்தான் என்றால் மூன்றும் வேண்டாம், உப்பில்லாத பாக்கெட் வெண்ணெய் வாங்குங்கள். எண்ணெயில் பொரிந்த பிறகு எது வீட்டு வெண்ணெய் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.