ஆம்பூரில் வாங்கிய 3 செ.மீ. குதிகால் ஷூ

வேலூரில் பள்ளி ஆசிரியராக நாள் முழுவதும் நின்றே பாடம் நடத்தும் எனக்கு, காலணியின் நிறத்தையும் விலையையும் விட அதன் குதிகால் உயரமே முக்கியமாகப் படுகிறது. ஆம்பூரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, ஏற்றுமதியில் மீந்த காலணிகளை விற்கும் கடைகளுள் ஒன்றில் வாங்கிய கறுப்புத் தோல் ஷூ, அந்த வகையில் எனக்கு முழுத் திருப்தியைத் தந்திருக்கிறது.

குதிகால் உயர உயர உடலின் எடை முன்பாதத்தை நோக்கிச் சரிகிறது. விரல்களின் அடிப்பகுதியில் எரிச்சலும் காய்ப்பும் வருவது அதனால்தான். உயரமான ஹீல்ஸையே ஆண்டுக்கணக்கில் அணிபவர்களுக்குக் கெண்டைக்கால் தசை குறுகி, பிறகு தட்டைச் செருப்பு போட்டாலே இழுத்துப் பிடிக்கும். அதற்காக முற்றிலும் தட்டையானதுதான் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. குதிகால் வலி உள்ளவர்கள் பலருக்குச் சற்றே உயர்ந்த அடி இதமாக இருக்கிறது. அன்றாட உபயோகத்துக்கு 2 முதல் 3 செ.மீ. வரை, அதுவும் அகலமான குதிகாலாக இருப்பதே பெரும்பாலோருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

நான் முதலில் எடுத்தது பின்பக்கம் 5 செ.மீ. உயரமுள்ள ஒரு ஜோடி. கடை ஊழியர் அதன் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, “பின்னாடி மட்டும் பார்க்காதீங்க மேடம், முன்னாடி இருக்கிற 2 சென்டிமீட்டரைக் கழிச்சுப் பாருங்க” என்றார். கால் உண்மையில் சாய்வது 3 செ.மீ. மட்டுமே என்பது அப்போது விளங்கியது. ஆனாலும் அந்தத் தடித்த அடி வளைந்து கொடுக்கவில்லை. மேடுபள்ளமான தெருவில் கணுக்கால் பிசகும் என்று தோன்றியதால், முன்பக்கம் மெல்லியதாகவும் பின்பக்கம் 3 செ.மீ. ஆகவும் இருந்த ஜோடியையே தேர்ந்தெடுத்தேன். கம்பளத்தில் மட்டுமல்லாமல் வாசல் சிமெண்டுத் தரையிலும் நடந்து பார்க்கச் சொன்னார்கள்; எல்லாக் கடைகளும் இப்படிச் செய்ய வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அந்த நேரத்தில் போய் அணிந்து பார்ப்பது நல்லது.

குறைகளும் உண்டு. மீந்த சரக்கு என்பதால் எல்லா அளவுகளும் கிடைப்பதில்லை. ஐரோப்பிய எண்களே அச்சிடப்பட்டிருப்பதால், நம் ஊர் 5 என்பது அங்கே ஏறத்தாழ 38 என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மேசைமீது வைத்துப் பார்த்தபோது ஒரு ஜோடியில் இரண்டு குதிகால்களும் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. மாற்றித் தர மாட்டார்கள், ஆகவே இப்படிச் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

உயரம் கூடுதலாக இருந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி யாரும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு ஷூவும் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கென்றே செய்த கால் அச்சின்மீது, அதாவது லாஸ்டின்மீது, இழுத்துத் தைக்கப்படுகிறது. குதிகாலை அதிகம் குறைத்தால் உள்ளிருக்கும் எஃகுப் பட்டையின் சாய்வு மாறி, முன்நுனி தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும்.

என் ஷூவில் இதுவரை தேய்ந்திருப்பது குதிகாலின் அடியில் ஒட்டிய ரப்பர் துண்டின் வெளி ஓரம் மட்டுமே. தேய்மானம் மேலே உள்ள கட்டையைத் தொடுவதற்குள் அந்தத் துண்டை மாற்றிவிட்டால், உயரமும் மாறாது, நடையும் ஒருபக்கம் சாயாது.