செட்டிநாட்டு வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி: நான்கு ஆண்டு அனுபவம்

காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில் 2021ஆம் ஆண்டு தை மாதம் ஒரு கடல்நீர் மீன்தொட்டியை அமைத்தேன். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். அடியில் வைத்திருக்கும் வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் சுழற்சியில் இருக்கும் நீர் ஏறத்தாழ 280 லிட்டர். பத்தாண்டுகள் நன்னீர் மீன் வளர்த்த துணிவில் இறங்கியவன் நான். இத்தனை நாளில் நான் கண்டறிந்தது என்னவென்றால், நம் ஊரில் கடல்நீர்த் தொட்டியைக் காப்பதும் கெடுப்பதும் அதில் நாம் நாள்தோறும் ஊற்றும் நன்னீர்தான்.

முதலில் இடம். வீட்டின் நடு முற்றமான வளவை ஒட்டி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் விரும்பினார்கள். ஆனால் திறந்த முற்றத்து வெயில் நீரைச் சூடாக்கிப் பாசியையும் பெருக்கும் என்பதால், தடித்த சுவர்கள் உள்ள உள்ளறையையே தேர்ந்தேன். கண்ணாடி, நீர், பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 400 கிலோ எடை வரும். அடியில் கருங்கல் பலகை போட்டது எடைக்காக மட்டுமன்று. தெறிக்கும் துளிகள் காய்ந்து உப்பாகப் படர்ந்துகொண்டே போகும். முதல் ஆண்டிலேயே பலகைக்கு வெளியே இரண்டு ஆத்தங்குடித் தரைக் கற்களில் உப்புப் பூத்து நிறம் மங்கிவிட்டது. எத்தனை முறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் அந்த மெருகு திரும்பவில்லை.

என் தொட்டியில் உயிருள்ள பவளம் கிடையாது. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இடம்பெற்றுள்ளன. ஒரு விற்பனையாளர் பவளத் துண்டுகளைத் தருவதாகச் சொன்னபோது, அவரிடம் எதையுமே வாங்காமல் திரும்பினேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பாறைகள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் வெட்டப்பட்டன. கடல் வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் வெளுத்தும் போயின. அவற்றிலிருந்து ஒரு விரலளவுகூட என் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. சுட்ட களிமண் பாறைகளை அடுக்கினேன். இரண்டாம் ஆண்டில் அவற்றின்மேல் ஊதா நிறச் சுண்ணப்பாசி தானாகவே படர்ந்தது. மீன்களும் பொரிப்பகத்தில் பிறந்தவைதாம்: ஒரு சோடி கோமாளி மீன், இரண்டு நெருப்பு கோபி. அவற்றோடு துப்புரவு இறால்களும் நத்தைகளும் இருக்கின்றன.

மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் நிலைகொள்ள எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை மீன் விடாமல் பொறுத்திருந்தேன்.

சித்திரை வந்ததும் உண்மையான சோதனை தொடங்கியது. வெளியே 39 டிகிரி இருக்கும்போது எங்கள் உள்ளறை 33 டிகிரியில் நிற்கும்; தொட்டிக்கு வேண்டியதோ 26 டிகிரி. நீர்ப்பரப்பின்மீது விசிறி வைத்ததில் 29 வரை இறங்கியது, ஆனால் நாளொன்றுக்கு 7 லிட்டர் ஆவியாயிற்று. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் லிட்டருக்கு 35 கிராமாக இருக்க வேண்டிய உப்பு 37ஐ நெருங்கிவிடுகிறது. குறைந்த அளவை உப்புநீரால் நிரப்புவது புதியவர்கள் செய்யும் தவறு. தூய நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். அடுத்த கோடைக்குள் குளிர்விப்பான் வாங்கினேன். மொத்தச் செலவில் அதுவே பெரியது. இன்று தொடங்குவதாக இருந்தால் விளக்குச் செலவைக் குறைத்துக்கொண்டு அதை முதலில் வாங்குவேன். மின்தடை நேரத்தில் அலைவிசை மோட்டாரை மட்டும் இன்வெர்ட்டர் தாங்குகிறது. சூடான உப்புநீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதால், நீர் அசைந்துகொண்டிருந்தாலே மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

அந்தத் தூய நன்னீருக்கு எங்கே போவது? எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,100 மில்லிகிராம். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் தருவதற்கு மூன்று லிட்டரைக் கழித்து வெளியே தள்ளியது. ஓட்டுக்கூரையில் விழும் மழையைக்கூட வீணாக்காமல் ஊரணிக்கு அனுப்பிய ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. 2022 ஐப்பசியில் வளவில் கொட்டிய மழைநீரைப் பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டாவில் பிடித்தேன். "மழைத் தண்ணியில என்னப்பா கெடுதி இருக்கப்போகுது?" என்று ஆச்சியும் சொன்னார்கள், எனக்கும் அதில் ஐயம் இருக்கவில்லை.

அந்த நீரைத் தொட்டியில் ஊற்றத் தொடங்கிய ஐந்தாம் நாள் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. மறுநாள் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. மீன்கள் நலமாக இருந்ததுதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. அண்டாவின் உட்புற ஈயப்பூச்சு தேய்ந்துபோய் இருந்தது; சற்றே புளிப்புத்தன்மை உள்ள மழைநீர் இரண்டு வாரம் அதில் தேங்கி, பித்தளையிலிருந்த செம்பைக் கரைத்திருக்கிறது. மீன்கள் தாங்கும் செம்பின் அளவை முதுகெலும்பற்ற உயிர்கள் தாங்கா. பரிசோதனைத் திரவம் செம்பு இருப்பதை உறுதி செய்தது. நான்கு முறை கால்பங்கு நீரை மாற்றினேன், கரியும் செம்பை உறிஞ்சும் பிசினும் வைத்தேன். பாறைகள் உறிஞ்சிய செம்பை மெல்ல மெல்லத் திரும்ப விடும் என்பதால், மூன்று மாதம் கழித்தே ஒரேயொரு நத்தையை விட்டுப் பார்த்தேன். அது பிழைத்த பிறகே மற்றவை வந்தன. அந்த இறால்களின் சாவு என் கவனக்குறைவால் நேர்ந்தது என்பது இன்றும் உறுத்துகிறது.

மழைநீரை நான் கைவிடவில்லை. முதல் இரண்டு மழையை ஓடவிட்டு, தகரத் தூம்பைத் தவிர்த்து, பிளாஸ்டிக் குழாய் வழியாக உணவுத்தர பிளாஸ்டிக் பீப்பாய்களில் 400 லிட்டர் சேர்க்கிறேன். கரியும் அயனி நீக்கும் பிசினும் கடந்த பிறகே அது தொட்டிக்குப் போகிறது. அது தீர்ந்த பின்பே ஆர்.ஓ. இயந்திரம் ஓடும், அதன் கழிவுநீர் தரை துடைக்கப் பயன்படுகிறது.

வாரந்தோறும் 25 லிட்டர் நீரை மாற்றுகிறேன்; அதற்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உப்பு செலவாகிறது. கால்சியத்தை உறிஞ்சும் கடினப் பவளம் இல்லாததால் கால்சியமும் காரத்தன்மையும் அந்த நீர்மாற்றத்திலேயே ஈடாகிவிடுகின்றன.

சென்ற ஆவணி முதல் கோமாளி மீன் சோடி, பாறையின் பின்பக்கம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டையிடுகிறது. ஒரு வாரத்தில் இரவு நேரத்தில் பொரியும் குஞ்சுகள், ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர் உணவு உடனே கிடைக்காததால் மடிந்துவிடுகின்றன. அந்த உணவுக்கு வேண்டிய பச்சைப் பாசி நீரை முகப்புத் திண்ணையில் நான்கு கண்ணாடிச் சீசாக்களில் வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று நன்றாகப் பச்சை பிடித்திருக்கின்றன.