கப்பல் தகடு செம்பா பித்தளையா: கையடக்க எக்ஸ்ஆர்எஃப்பா, லேப் எஸ்இஎம்மா?

மூழ்குன கப்பல்ல இருந்து எடுத்த தகடு, ஆணி எல்லாம் என்ன உலோகம்னு பாக்க எங்களுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு கையில புடிச்சு மேல வச்சு அழுத்துற எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே அடிச்சு, திரும்பி வர்ற கதிர வச்சு என்ன உலோகம்னு சொல்ற கருவி), இன்னொண்ணு துளியூண்டு வெட்டி, ரெசின்ல பதிச்சு, பாலிஷ் போட்டு, லேப்ல எஸ்இஎம்-இடிஎஸ்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும், அதோட சேர்ந்து எந்தத் தனிமம் எவ்ளோன்னு அளக்குற கருவியும்) பாக்குறது. நான் ரெண்டாவத எடுத்தேன், இப்பவும் அதைத்தான் சொல்லுவேன்.

எக்ஸ்ஆர்எஃப் வேகம், பொருள் சேதமாகாது, படகுலயே வச்சு பாக்கலாம். இதுல சண்டையே இல்ல.

பிரச்சனை எல்லாம் மேல்பரப்புதான். கடல்ல கெடந்த உலோகம் வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணா இருக்கும், எக்ஸ்ஆர்எஃப் பாக்குறது அந்த வெளிப்பக்கத்து மெல்லிய அடுக்க மட்டும்தான். கப்பலோட அடிப்பாகத்துல அடிக்கிற தகடையே எடுத்துக்கோங்க, செம்புத் தகடு 1761ல ஹெச்எம்எஸ் அலார்ம்ங்குற பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல சோதிச்சுப் பாத்து அப்புறம் பரவுனது, அப்புறம் வந்த மன்ட்ஸ் மெட்டல்ங்குற பித்தளை 1832 பேட்டன்ட், சுமார் 60% செம்பு 40% துத்தநாகம். உப்புத் தண்ணி பித்தளையில இருக்குற துத்தநாகத்த அரிச்சு எடுத்துரும், வெளிய செம்பு மட்டும் நிக்கும், கருவி "செம்பு"ன்னு காட்டும், நீங்க 18ம் நூற்றாண்டு கப்பல்னு எழுதி வச்சிருவீங்க. வெண்கலத்துல நேர்மாறு, செம்பு கரைஞ்சு வெள்ளீயம் ஆக்சைடா தங்கிரும், வெள்ளீயத்தோட அளவு கூடுதலா காட்டும்.

சுரண்டிட்டு எக்ஸ்ஆர்எஃப் வச்சா போதாதான்னு கேப்பாங்க. சுரண்டுறதும் சேதம்தான், அதுவும் எவ்ளோ ஆழம் போனா நல்ல உலோகம் வரும்னு கண்ணுக்குத் தெரியாது. வெட்டுமுகத்துல அரிப்பு எங்க முடியுது, நல்ல உலோகம் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு மாதிரி தெரியும், ஈயம் கலந்திருந்தா அந்தத் துளிங்க வெள்ளையா பளிச்னு தனியா நிக்கும், அளவ நல்ல எடத்துல வச்சு எடுத்துக்கலாம். இதுக்காகவே வெட்டுறதுக்கு அனுமதி வாங்குற அலைச்சல் எல்லாம் தகும்னு நெனைக்கிறேன். ஆனா ஒண்ணு, வெட்டி எடுத்த ஒரு துளி பெரிய பொருள் முழுசுக்கும் பேசாது, அதனால ஒரே தகடுல ரெண்டு எடத்துல எடுக்க முடிஞ்சா நல்லது.

உலோகம் எந்த நாட்டுச் சுரங்கம்னு கேட்டா ரெண்டுமே நேரடியா சொல்லாது, அதுக்கு ஈய ஐசோடோப் சோதனை வேணும், அதாவது உலோகத்துல இருக்குற ஈயத்தோட வேற வேற எடை அணுக்கள் என்ன விகிதத்துல இருக்குன்னு பாத்து சுரங்கத்தோட பொருத்துறது. துருக்கிக் கடல்ல கெடச்ச உலுபுருன் கப்பலோட செம்புக் கட்டிங்கள சைப்ரஸோட பொருத்துனது அப்படித்தான். அதுல எனக்குக் கைப்பழக்கம் இல்ல, வந்த ரிசல்ட்ட படிச்சது மட்டும்தான். மரம், பிசின் பக்கமும் நான் அதிகம் போனதில்ல.

தங்கக் காசு வந்தா மட்டும் நானே எக்ஸ்ஆர்எஃப்பத்தான் எடுப்பேன், நல்ல தங்கத்த கடல் அவ்வளவா தொடாது, அத வெட்டவும் யாரும் விட மாட்டாங்க.